மட்டக்களப்புக்கு ஒரு கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்

விமான நிலையத்தில் அதிகாரி பெட்டியைத் தட்டி, உள்ளே என்ன என்று கேட்டார். "மருத்துவக் கல்லூரி" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற வசந்தி மேடம் முன்னால் வந்து மீதியைச் சொன்னார். வெளிநாட்டுப் பயணத்தில் என் முதல் பேச்சு அதுதான். இனி மேடம் பேசுவார், நான் பெட்டியைப் பிடித்துக்கொள்வேன் என்று நினைத்து நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன்.

நான் கட்டட மாடல் செய்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆரம்பத்தில் கல்யாண மண்டபங்களுக்குத் தெர்மாகோலில் மணமக்கள் பெயர் வெட்டிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் மேடம் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். அவர் ஆர்க்கிடெக்ட். அவர் கோடு போடுவார், நான் வெட்டி ஒட்டுவேன். இருபது வருடத்தில் நாங்கள் பேசிக்கொண்டதை ஓர் இன்லண்ட் லெட்டரில் எழுதிவிடலாம். நான் கடைக்குப் போனால் எனக்கு முன்னால் நிற்பவர் வாங்கியதையே வாங்கிக்கொண்டு வருகிற ஆள்.

மேடம் மட்டக்களப்பில் ஒரு கட்டடத்துக்கு வரைந்திருந்தார். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளும் நர்ஸ் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் படிக்க வேண்டும். நடுவில் திறந்த முற்றம். வகுப்பு விட்டால் யாராக இருந்தாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். "நாளைக்கு ஒரே நோயாளியைப் பார்க்கப் போறவங்க, இன்னைக்கே முகம் பார்த்துப் பழகட்டும்" என்பார். ஆனால் அங்கே கட்டட வேலையைத் தீர்மானிக்கிற குழு, முற்றத்தின் நடுவே ஒரு சுவர் கேட்டது. ஒரு பக்கம் டாக்டர்கள், மறுபக்கம் நர்ஸுகள்.

ஆகவே முற்றத்தின் நடுவில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, அதில் செருகவும் எடுக்கவும் வசதியாக ஒரு சுவர்த் துண்டும் செய்துகொடுத்தேன். வியாழக்கிழமை கூட்டத்தில் இரண்டு விதமாகவும் காட்டுவது, அவர்கள் முடிவு செய்வது. சுவர்தான் என்றால் இந்த வேலையை விட்டுவிடுவேன் என்று மேடம் சொல்லியிருந்தார். அவருடைய இரண்டு வருட உழைப்பு அது.

திங்கட்கிழமை கொழும்பில் இறங்கினோம். அன்று சாயங்காலமே மேடம் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். நான் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். "ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். மாடலை வைங்க. சுவரைப் போட்டுக் காட்டுங்க, எடுத்துக் காட்டுங்க. அவ்வளவுதான்" என்றார். பேச வேண்டாம் என்றதும்தான் தலையாட்டினேன்.

செவ்வாய் விடியலில் வேன் வந்தது. ஓட்டுநர் நசீர், ஏறாவூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். "வணக்கம் பாய்" என்றேன். "பாய் எண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பாக்க மாட்டன். நானா எண்டு செல்லுங்க" என்றார். நம் ஊரில் அண்ணன் என்பதை இங்கே முஸ்லிம்கள் நானா என்கிறார்கள். சொல்லு என்பது அவர்கள் வாயில் செல்லு. பெட்டியைப் பின்சீட்டில் வைத்து, இரண்டு லுங்கியால் கட்டி, அதன் பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன்.

வழியில் ஒரு கடையில் தேநீருக்கு நிறுத்தினார். இங்கே அதன் பெயர் தேத்தண்ணி. நசீர் நானா கைகழுவப் போயிருந்தபோது, நான் கேட்காமலே ஒரு பெரிய தட்டை என் முன்னால் வைத்தார்கள். உருளை உருளையாக ரோல்ஸ், பற்றிஸ், மீன் வைத்த பணிஸ் என்கிற பன், பருப்பு வடை. நானா சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். வைத்ததை மிச்சம் விட்டால் கடைக்காரர் மனம் நோகுமே என்று ஒவ்வொன்றாகச் சாப்பிட்டேன். ஏழாவது ரோலில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நானா திரும்பி வந்து தட்டையும் என்னையும் பார்த்தார்.

"தம்பி, இது எல்லாருக்கும் வைக்கிற தட்டு. விரும்பினத எடுத்துட்டு மிச்சத்த விடணும். அப்பிடியே அடுத்த மேசைக்குப் போகும்."

"தெரியாது நானா."

"ஒங்கட ஊர்ல பசி எண்டா இப்பிடியா இரிக்கும்!" என்று கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். பிறகு, வயிற்றுக்கு நல்லது என்று இஞ்சி போட்ட பிளேன் டீ ஒன்றைச் சும்மாவே கொடுத்தார்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. சண்டை நின்றிருந்தது. ஆனால் சோதனைச் சாவடிகளை யாரும் பிரித்துப் போடவில்லை. மணல் மூட்டைகளின்மேல் புல் முளைத்திருந்தது. ஒரு சாவடியில் இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். திறந்ததும் இரண்டடி பின்னால் போய் அதிகாரியைக் கூப்பிட்டான். வாசல், படிக்கட்டு, மாடி எல்லாம் அளவெடுத்துச் செய்த ஒரு கட்டடத்தை யுத்தம் நடந்த நாட்டில் வேனில் வைத்துக் கொண்டுபோவது எப்படித் தெரியும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நசீர் நானா தமிழில் சொன்னார். "இது எந்த முகாம் எண்டு கேக்கிறார்."

"மருத்துவக் கல்லூரி" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில்.

மாடியைக் கழற்றச் சொன்னார். என் மாடல்கள் சாப்பாட்டு அடுக்குப்போல, தட்டுத் தட்டாக எடுக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து ரோட்டோரப் பலகையில் வைத்தேன். நாலு சிப்பாய்கள் குனிந்து பார்த்தார்கள். அதிகாரி ஒரு பென்சிலால் நடைபாதை வழியே போய், ஒவ்வொரு அறையாக நுழைந்து வந்தார். கடைசியில் ஏதோ சொல்ல, நசீர் நானா பெருமூச்சு விட்டார்.

"சன்னல் கூடிப்போச்சாம். பெரிய சத்தம் ஒண்டு கேட்டா முதல்ல போறது கண்ணாடிதானாம். கட்டுற ஆக்களுக்கு அதக் குறைக்கச் செல்லட்டாம்."

நான் கும்பிட்டுவிட்டு அடுக்குகளைத் திரும்பப் பொருத்தினேன். அதிகாரி விளையாட்டுக்குச் சொன்னமாதிரி தெரியவில்லை.

ஓட்டமாவடியில் ரயிலும் வாகனங்களும் ஒரே பாலத்தில் போகின்றன. எங்களுக்கு எதிரே ரயில் வந்தது. நாங்கள் காத்திருந்தோம். பிறகு மாட்டு வண்டி, சைக்கிள், எங்கள் வேன் எல்லாம் தண்டவாளத்தின் மேலேயே ஏறிப் போயின. நம் ஊரில் இப்படி ஒரு பாலம் இருந்தால் முதல் நாளே சண்டை வந்திருக்கும். இங்கே ஒருவர் முகத்திலும் அவசரமில்லை. பாலம் தாண்டியதும் வேனின் பிரேக் பிடிக்க மறுத்தது. மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்து, பொழுது சாயும் நேரத்தில் நாவற்குடாவில் எனக்கு ஏற்பாடு செய்திருந்த வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டு அக்கா பிட்டும் இறால் சொதியும் வைத்தார். பிறகு சட்டியில் எருமைத் தயிர். "போதும்" என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. மூன்று முறை போட்டார். கத்தியால் வெட்டி எடுக்கலாம், அப்படி ஒரு தயிர்.

புதன்கிழமை காலை மாடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். வேன் பழுதுபார்க்கிற கராஜில் கிடந்தது. ஓட்டோவில் போனால் குழிகளில் குலுங்கி ஒட்டெல்லாம் விட்டுப்போகும். அக்கா பின்வாசலைக் காட்டி, "தோணியில போங்க. தண்ணியில பள்ளம் இல்லைதானே" என்றார். பின்வாசல் வாவி என்ற பெரிய உப்பங்கழியில் திறந்தது. ஒரு மீன்காரர் பெட்டியை வாங்கித் தோணியின் நடுவில் வைத்தார்.

"உள்ளுக்க கோழியா, தம்பி?"

"மருத்துவக் கல்லூரி."

"அப்ப மெதுவாப் போவம். கன டொக்டர்மார் விழுந்துருவாங்க."

கன என்றால் நிறைய. நான் இந்தியாவிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் அவர் கரைகளைக் காட்டினார். சூரியன் எழும்பும் கடல் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரை முழுக்க வயல். அப்போது ஒரு கரை ராணுவத்தின் கையில், மறுகரை போராளிகளின் கையில் இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நசீர் நானா முன்பே சொல்லியிருந்தார். தண்ணீரில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். நாரைகள் எல்லாப் பக்கமும் நின்றன.

ஆஸ்பத்திரியில் கூட்ட அறையைத் திறந்துவிட்டார்கள். சன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகப் பசைத்தாள் ஒட்டியிருந்தது. சாவடி அதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது. மாடலை மேசையில் வைத்துவிட்டு, பேப்பரில் சுற்றிய சுவர்த் துண்டைப் பக்கத்தில் வைத்தேன். அப்போது வெள்ளை உடுப்பில் ஓர் அம்மா உள்ளே வந்தார். நர்ஸ் பள்ளிக்குத் தலைவி. எல்லோரும் மேட்ரன் என்றே கூப்பிட்டார்கள்.

"இதுதான் அந்தக் கட்டடமா?" என்றார். "வடிவாத்தான் இரிக்கு. ஆனா சுவர் வேணும் ஐயா. டொக்டர்மார்தான் சுவர் கேட்டவங்க எண்டு நினைச்சிராதீங்க. நானும்தான் கேட்டன். ஒரே முற்றம் எண்டா எங்கட பிள்ளையள் அவங்களுக்குத் தேத்தண்ணி ஊத்துற பிள்ளையளாப் போயிருவாங்க. 'நர்ஸ், அந்த ஃபைலக் கொண்டா. நர்ஸ், இந்த மேசய இழு.' படிக்க வந்த பிள்ளையள் ஐயா அவங்க."

அவர் சொன்னது சரி. மேடத்தின் படம் தப்பு என்றும் தோன்றவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

மத்தியானம் எனக்கும் ஒரு சோற்றுப் பார்சல் கொடுத்தார்கள். இங்கே பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் பார்சல்தான். தாளைப் பிரித்து, அவரவர் இடத்தில் அவரவர் கூட்டத்தோடு உட்கார்ந்து கையால் சாப்பிடுகிறார்கள். டாக்டர்கள் ஓர் அறையில், நர்ஸ் பிள்ளைகள் மரத்தடியில், சிற்றூழியர்கள் கராஜ் பக்கம். நான் படிக்கட்டில் தனியாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. மோட்டார் பழுதாம். மொத்த ஆஸ்பத்திரிக்கும் பின்புறத்தில் ஒரே ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் வந்தது. அங்கே போனால் நீண்ட வரிசை.

நான் பேசாமல் வேடிக்கை பார்க்கிற ஆள். முகங்களைப் பார்க்கக் கூச்சம், ஆகவே கைகளைப் பார்ப்பேன். எல்லாக் கையிலும் சோறு காய்ந்துகொண்டிருந்தது. விரல்களை விரித்துக் கையை மடக்காமல் நிற்கிறார்கள். எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றவர் பெரிய சத்திரசிகிச்சை டாக்டர். குழுவின் தலைவரும் அவரே. அவர் கையிலும் பருப்பும் பூசணிக்காயும்.

எனக்கு முன்னால் நின்ற நர்ஸ் பிள்ளை இளம் டாக்டர் ஒருவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். "பதினாலாங் கட்டில் வயசான அப்பா குளிசை ஒண்டும் விழுங்கல்ல. எல்லாத்தையும் வெத்திலப் பையில போட்டு வெச்சிரிக்கார். வெல்லாவெளிக்குப் போய், வட்டைக்க இறங்கின நாள் எல்லாத்தையும் ஒண்டாக் குடிக்கப் போறாராம். அப்பத்தான் வயல் வெட்டுறதுக்குச் சத்து இரிக்குமாம்."

வெல்லாவெளி படுவான்கரையில் ஓர் ஊர். வட்டை என்றால் வயல்வெளி, வயல் வெட்டு அறுவடை. குளிசை மாத்திரை. இளம் டாக்டர் சிரிக்கத் தொடங்கினார். பெரிய டாக்டர் திரும்பினார்.

"எந்தக் கட்டில்?"

அவள் பயந்துவிட்டாள். "பதினாலு, சேர்."

"காலமை ரவுண்ட்ஸில ஏன் சொல்லல்ல?"

"ரவுண்ட்ஸில எங்களுக்குக் கதைக்கேலாதே சேர்."

அவர் ஏதோ சொல்ல விரலை நீட்டினார். விரலில் பருப்பு. மடக்கிக்கொண்டார். முன்னால் நின்றவர்கள் வழிவிட்டார்கள். அவர் "இல்ல, இல்ல" என்று சொல்லித் தன் முறை வரும்வரை நின்று, அதற்குள் அவளிடம் இன்னும் மூன்று கட்டில்களைப் பற்றிக் கேட்டுவிட்டார். அவளும் பயம் விட்டுச் சொன்னாள். பிறகு ஈரக் கையோடு வார்டைப் பார்த்து நடந்தார்.

எச்சில் கையோடு யாரும் யாரையும் ஏவ முடியாது. ஃபைலைக் காட்ட முடியாது. கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. கழுவும்வரை அங்கிருந்து போகவும் முடியாது. மேடத்தின் படத்தில் ஒவ்வொரு மாடியிலும், ஒவ்வொரு பிரிவுக்கும், தனித்தனியாக வெள்ளைப் பீங்கான் தொட்டி இருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டியவன் நான்தான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டெலிபோன் கடை இருந்தது. கொழும்புக்குப் போன் செய்தேன். வலி மருந்தில் மேடம் தூங்குகிறார் என்றார்கள். சாயங்காலமும் அதே பதில். படத்தில் இல்லாததை மாடலில் வைப்பது எங்கள் தொழிலில் கூடாத காரியம். இருபது வருடத்தில் ஒரு சன்னலைக்கூட நான் இடம் மாற்றியதில்லை. பெட்டியில் மிச்சத் துண்டுகள் இருந்தன. நாவற்குடா வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து ஒரு தொட்டி வெட்டினேன். முற்றத்துப் பள்ளத்தில் சுவர் உட்காரும் அதே இடத்தில், அதே நீளத்துக்கு. குண்டூசிகளை வளைத்து ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ஆறு என்று குழாய் வைத்தேன். நசீர் நானா வந்து பார்த்தார்.

"இது என்ன, மாட்டுக்குத் தண்ணி வைக்கிறதா?"

"டாக்டர்களுக்கு."

"அப்ப ஒள்ளுப்பம் பெரிசா வைங்க" என்றார். ஒள்ளுப்பம் என்றால் கொஞ்சம்.

வியாழக்கிழமை. எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் முதலில் சுவரைச் செருகினேன். நல்லது என்று சிலர் தலையாட்டினார்கள். எடுத்தேன். எல்லோரும் மேட்ரனைப் பார்த்தார்கள். மேட்ரன் "சுவர்" என்றார். பெரிய டாக்டர் "அப்ப சரி, சுவர் எண்டே எழுதுவம்" என்று பேனாவைத் திறந்தார்.

சட்டைப் பையிலிருந்து தொட்டியை எடுத்துப் பள்ளத்தில் வைத்தேன். வைத்த வேகத்தில் ஒரு குண்டூசி விழுந்து உருண்டது. அதைத் தேடி எடுத்துத் திரும்ப வைக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"இது என்ன?" என்றார் பெரிய டாக்டர்.

"கை கழுவற இடம் சார். இது மட்டும்தான். மாடியில இருக்கிறதை எல்லாம் எடுத்துடணும்." குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எப்படியோ வந்துவிட்டது: "நேத்து உங்க கையில பருப்பு காய்ஞ்சிருந்துச்சு சார். பதினாலாம் கட்டில்."

அவர் முகம் சிவந்தது. மேட்ரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பதினாலாங் கட்டில்ல என்ன?"

பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கிழவன் குளிசைய விழுங்காம சேர்த்து வெச்சிருந்தான். முப்பத்தெட்டு. ஒண்டாப் போட்டிருந்தா வட்டையிலயே போயிருப்பான். உங்கட பிள்ளை ஒண்டுதான் குழாயடியில வெச்சுச் சொன்னது."

"எந்தப் பிள்ளை?" மேட்ரன் என்னைக் கேட்டார். ரவுண்ட்ஸ் விதியை மீறியதற்கு அவளைத் திட்டுவாரோ என்று பயந்தேன்.

"முகத்தைப் பார்க்கலை அம்மா. கையைத்தான் பார்த்தேன்."

ஒருவர் சிரித்தார். மேட்ரன் சிரிக்கவில்லை. மாடலின்மேல் குனிந்து, சுண்டுவிரலால் ஒவ்வொரு குழாயாகத் தொட்டு எண்ணினார். "ரெண்டு பக்கமும் முகத்துக்கு முகம் நிக்கிறாங்க" என்றார். "குழாயடியில தேத்தண்ணி ஊத்தச் சொல்லேலாது." இன்னும் கொஞ்சம் யோசித்தார். "ரவுண்ட்ஸிலயும் எங்கட பிள்ளையள் கதைக்கோணும். அதையும் எழுதுங்க. அதுக்கு மறுகா தொட்டியப் பத்திக் கதைப்பம்."

"எழுதுறன்" என்றார் பெரிய டாக்டர்.

"அப்ப சுவர் வேணாம்."

பிறகு மேடம் இதைக் கொழும்பில் கேட்டபோது, படத்தை மாற்றியதற்கு என்னை ஒரு மணி நேரம் திட்டினார். திட்டிக்கொண்டே தொட்டிக்கு அளவு போட்டார். அன்று கூட்ட அறையிலோ அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.

குழாய் நாற்பது அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். அவர் ஆறடி. "எங்கட பிள்ளையள் ஏணி வெச்சா கழுவுற?" என்றார் மேட்ரன். மற்றவர்களும் ஆளுக்கொரு அளவு சொன்னார்கள். மேட்ரன் பையிலிருந்து பிறந்த குழந்தைகளின் தலையை அளக்கிற நாடாவை எடுத்தார். "ஐயா, இஞ்ச வாங்க. கை கழுவுற மாதிரி நில்லுங்க."

நான் சுவரோரம் போய், எட்டுப் பேர் பார்க்க, இல்லாத குழாயின் கீழ் கையை நீட்டிக் கொஞ்சம் குனிந்து நின்றேன். அவர் என் கையிலிருந்து தரைவரை நாடாவை விட்டார். "முப்பத்தி ரெண்டு."

"அவர் கட்டை ஆள். அது கணக்கில்ல" என்றார் பெரிய டாக்டர். எழுந்து வந்து என் பக்கத்தில் அவரும் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மருந்துத் துறைக்காரர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இரண்டு விரிவுரையாளர்கள். காத்திருக்கும்போது ஒருவர் மற்றவரிடம், நேற்றைய மோட்டார் பழுதுக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த சிற்றூழியர் அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"இது என்ன ஊசி போடுற வரிசையா?"

"குழாய்க்கு அளவெடுக்கிறம்" என்றார் மேட்ரன்.

அவர் தட்டைச் சன்னலில் வைத்துவிட்டு வரிசையில் வந்து நின்றார். "அப்ப என்னையும் அளங்க. நாப்பது கோப்பையும் அங்கதானே கழுவப் போறன்."

அவருடைய முறை வந்தது. கையில் கோப்பை இருப்பதுபோல் குனிந்து நின்றார். மேட்ரன் நாடாவைத் தரையில் அழுத்திப் பிடித்துப் படித்தார்.

"இருபத்தி ஒன்பது."

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து, குழாய்க்கு அந்த அளவையே எழுதிக்கொண்டார்.